பூப்பக்கம்

கடைக்காரர்கள் ஐம்பது காசை வாங்க மறுத்துப் பல வருஷங்கள் ஆகின்றன. சட்டப்படி அது இன்னும் செல்லும். எனவே, எங்காவது டப்பாவில் கிடந்தவை கடைசியில் பையோடு வங்கிக் கவுண்டருக்கு வந்து சேர்கின்றன. அப்படி வந்த ஒரு பையை எண்ணிக்கொண்டிருந்தபோது, 1972இல் சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுக்காக அடிக்கப்பட்ட நாணயம் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் வழக்கமான சிங்கங்கள். மறுபக்கம் கொடியோடு ஓர் ஆணும் பெண்ணும்; பின்னால் பார்லிமெண்ட் கட்டடம். என்னிடம் வேறு ஐம்பது காசு இல்லாததால் ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். கணக்கில் ஐம்பது காசு அதிகமாக இருந்த விவகாரம் தனிக் கதை.

அரை நூற்றாண்டு கழித்து, 2023 மே மாதம் புதிய பார்லிமெண்ட் கட்டடத்தின் திறப்பு விழாவுக்காக 75 ரூபாய் நாணயம் ஒன்று வெளியிடப்பட்டது. 44 மில்லிமீட்டர் குறுக்களவு, 35 கிராம் எடை, பாதி வெள்ளி. இது எந்தக் கவுண்டருக்கும் வரப்போவதில்லை. நாணயச் சாலை பெட்டியில் வைத்து விற்க, வாங்குபவர் பீரோவில் வைத்துப் பூட்டுவார். கைமாறாத நாணயம் உண்மையில் பதக்கம்தான். 75 என்ற எண் அதன் மேல் ஒரு மரியாதைக்காக உட்கார்ந்திருக்கிறது. பின்புறத்தில் கட்டடம் மட்டும். மேலே இந்தியிலும் கீழே ஆங்கிலத்திலும் 'பார்லிமெண்ட் வளாகம்' என்று எழுதியிருக்கிறது.

1972இல் இருந்த மனிதர்கள் 2023இல் காணாமல் போய்விட்டார்கள் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். யாராவது எழுதியும் இருப்பார்கள். அந்த வாதம் சுலபமானது என்பதாலேயே எனக்கு அதில் சந்தேகம். 1972இன் அந்த ஜோடியை உற்றுப் பார்த்தால் தெரியும், அவர்கள் மனிதர்கள் அல்ல, சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்த பிரஜைகள். அவர்களுக்குப் பசிக்காது, சண்டை வராது, கொடியைப் பிடித்த கை வலிக்காது. பொய்யான மனிதர்களைவிட வெறும் கட்டடம் மேல் என்றுகூட ஒருவர் வாதிடலாம். எனக்குள்ள பிரச்சினை வேறு. இரண்டிலுமே படம் சொல்வதற்கும் எழுத்து சொல்வதற்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. கட்டடத்தைப் போட்டு, கட்டடம் என்று எழுதியாகிவிட்டது. பார்ப்பவன் செய்ய ஏதும் பாக்கியில்லை.

காசைச் சுண்டிப் போடும்போது நாம் பூவா தலையா என்கிறோம். பதக்கம் என்ற உருவத்தின் பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு வார்த்தைகளில் இருப்பதாக எனக்குப் படுகிறது. தலை அதிகாரத்தின் பக்கம். அங்கே அரசன் இருப்பான், அல்லது அரசன் போன பிறகு சிங்கங்களோ சின்னங்களோ இருக்கும். அதைக் கலைஞனால் ஒன்றும் செய்ய முடியாது. பூ அப்படியல்ல. அது யாருக்கு?

இத்தாலியில் பிசானெல்லோ என்ற ஓவியன் 1438 வாக்கில் பைசாந்திய சக்கரவர்த்தி எட்டாம் ஜானின் உருவத்தைப் பதக்கமாக வார்த்ததிலிருந்து இந்தக் கலையின் சரித்திரத்தைத் தொடங்குவார்கள். அவனுடையவை அச்சில் அடிக்கப்பட்டவை அல்ல. மெழுகில் உருவம் பிடித்து உலோகத்தில் வார்க்கப்பட்டவை. அதனால் ஓரங்களில் விரல் பட்ட மென்மை இருக்கும். என் கவனம் 1447இல் அவன் செய்த சிசிலியா கொன்சாகாவின் பதக்கத்தின் மேல். மாந்துவாவை ஆண்டவனின் மகள். நிச்சயித்த கல்யாணத்தை மறுத்துக் கன்னியாஸ்திரீ ஆனவள். தலைப்பக்கம் அவளுடைய பக்கவாட்டு முகம், சுற்றிலும் இன்னாருடைய மகள் என்ற வாசகம். திருப்பினால் ஒரு பாறை வெளி. வானத்தில் பிறை. அரை உடையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அருகில் ஒற்றைக் கொம்பு மிருகம் படுத்திருக்கிறது, அதுவும் ஆட்டுக்கிடாய் போல, சடையோடு. எழுத்து என்று அங்கே இருப்பதெல்லாம் ஒரு கல்லில் பொறித்த ஓவியனின் கையெழுத்தும் வருஷமும்தான். தகப்பன் பெயரைத் தலைப்பக்கம் சொல்லியாகிவிட்டது. அவள் என்னவாக ஆனாள் என்பதைப் பின்பக்கம் ஒரு வார்த்தையும் இல்லாமல் சொல்கிறது.

ஒற்றைக் கொம்பு மிருகம் கன்னிக்கு மட்டுமே அடங்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தவர்களுக்குத் தெரியும் என்று பண்டிதர்கள் விளக்குவார்கள். சரிதான். ஆனால் அந்த விளக்கத்துக்குப் பிறகும் பிறையின் குளிர்ச்சியும் பாறையின் தனிமையும் தீர்வதில்லை. நமக்கு இது புதிய விஷயமும் அல்ல. மருதத்தில் ஒரு எருமை தாமரையை மிதித்துக்கொண்டு மேய்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்வான் சங்கக் கவிஞன். தலைவனைப் பற்றி வாய் திறக்கமாட்டான். உள்ளுறை என்று இலக்கணக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பதக்கத்தில் இது ஒரு பௌதிக நிலைமையாகவே அமைந்துவிடுகிறது. இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. திருப்ப வேண்டும். திருப்பும் அந்தக் கணத்தில் முன்பக்கத்தை மனசில் வைத்திருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற ஒரே சிற்பம் இது. கவிதை வாசிப்பதற்கு இவ்வளவு நெருங்கிய வேறொரு கலையை நான் அறியேன்.

இதை அழித்தது கலைஞர்கள் அல்ல, எழுத்தாளர்கள். நம் வட்டத்தில் இதைச் சொல்லியாக வேண்டும். 1663இல் பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர் சில எழுத்தாளர்களைக் கூட்டி ஒரு சிறு அகாதெமி அமைத்தான். அரசனின் கீர்த்திக்கு வேண்டிய வாசகங்களையும் சின்னங்களையும் யோசித்துத் தருவது அவர்கள் வேலை. பிற்பாடு சிண்டரெல்லா கதையை எழுதிய பெரோ அதில் இருந்தான். 1680களில் ராசீனும் புவாலோவும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்து பிரெஞ்சு மொழியின் மிகச் சிறந்த நாடகாசிரியனும் மிகக் கூர்மையான விமர்சகனும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இன்ன கோட்டை பிடிபட்டதற்கு லத்தீனில் எந்த நான்கு வார்த்தைகள் பொருந்தும் என்று விவாதித்தார்கள். 1702இல் 286 பதக்கங்களின் படங்களோடும் விளக்கங்களோடும் பெரிய புத்தகமாக அது வெளிவந்தது. தலைப்பக்கம் எப்போதும் அரசன். பின்பக்கம் அரசன் செய்தது. திருப்பினாலும் அரசன்தான். பிசானெல்லோவின் பாறை வெளி இருந்த இடத்தில் வெற்றி என்ற பெண்ணும் புகழ் என்ற பெண்ணும் நிற்கிறார்கள். அவர்கள் யார் என்பதில் சந்தேகம் வராமலிருக்க வாசகம் இருக்கிறது.

1685இல் நான்த் ஆணையை ரத்து செய்து பிராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான் லூயி. சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள் என்பது சரித்திரம். அதற்கும் பதக்கம் உண்டு, கொண்டாட்டமாக. எந்த வாசகம் யார் கையிலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை. மேஜை ஒன்றுதான். ராசீன் 1677இல் 'பெத்ர்' எழுதியதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் நாடகம் எதையும் மேடைக்குத் தரவில்லை. அரண்மனைச் சரித்திரக்காரன் பதவி அந்த மௌனத்துக்குக் காரணமா விளைவா என்று வாதிடுகிறார்கள். மௌனமாக அவன் இருக்கவில்லையே, நான்கு வார்த்தை வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தானே என்பதுதான் என் உறுத்தல்.

சிரிக்க எனக்கு யோக்யதை இல்லை. சில வருஷங்களுக்கு முன், ஒரு ஆண்டு விழாவுக்காக ஊழியர்களுக்குக் கொடுக்க வெண்கல வட்டு ஒன்று செய்தார்கள். "நீங்கதான் எழுதுவீங்களே சார், நாலு வார்த்தை போடுங்க" என்று மேலதிகாரி கேட்டார். மறுக்கத் தெரியவில்லை. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். சேவை, நம்பிக்கை, நாளை என்றெல்லாம் வந்தது. கவியரங்க மேடைகளை இத்தனை வருஷம் பரிகசித்தவன், எதுகையை எண்ணிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வட்டு இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க உதவுகிறது. சமீபத்தில் நம் நண்பர் ஒருவருக்கு அரசு விழாக் குழுவொன்றில் சேர அழைப்பு வந்து, போகலாம், போகக்கூடாது என்று நம்மில் இரண்டு கட்சி ஏற்பட்டபோது நான் வாயைத் திறக்காமலிருந்ததற்கு இதுவே காரணம்.

நம் தேசம் தன் பூப்பக்கத்தை என்ன செய்தது? 1950இல் ராஜாவின் தலை போய்ச் சிங்கங்கள் வந்தபோது, பின்புறம் பெரிய காசுகளில் தானியக் கதிரும், அணாக்களில் காளையும், பைசாவில் குதிரையும் இருந்தன. காளையும் குதிரையும் சாரநாத் தூணின் பீடத்திலிருந்தே வந்தவை. அடக்கமான, நல்ல தொடக்கம். 1964இல் நேருவின் முகம் வந்தது. நினைவு நாணயங்கள் அங்கிருந்து ஆரம்பமாயின. எழுபதுகளில் கோஷங்கள் வந்தன. உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள், எல்லோருக்கும் உணவும் வேலையும், வளர்ச்சிக்குச் சேமியுங்கள். உலக உணவு நிறுவனத்தின் திட்டத்தையொட்டி வருஷம் ஒரு கோஷம். 2022இல் 75ஆம் ஆண்டு விழாவையொட்டி ஒரு ரூபாயிலிருந்து இருபது ரூபாய்வரை எல்லாவற்றிலும் ஒரே விழாச் சின்னத்தைப் பதித்தார்கள். சின்னம் என்பது கோஷத்திலிருந்து வார்த்தையையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவது.

இந்த வரிசையில் ஒரே ஒரு காசு மட்டும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 1974இன் பத்து காசு. அலுமினியம், நெளி விளிம்பு, ஊதினால் பறக்கும். அதில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், குடும்பக் கட்டுப்பாட்டின் முக்கோணம்; திட்டமிட்ட குடும்பம், எல்லோருக்கும் உணவு என்ற வாசகம். வடிவமைப்பாக இதில் சொல்ல ஒன்றுமில்லை. அரசு ஆபீஸ் சுவரில் இருந்ததைச் சின்னதாக்கியிருக்கிறார்கள். ஆனால் அடுத்த வருஷமே நெருக்கடி நிலை. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் எத்தனை பேர் லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் காசின் நான்கு உருவங்களைப் பார்த்தவனுக்கு அவை வேறு உருவங்கள். யாரும் வைக்காத உள்ளுறை அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல பதக்கத்தில் கலைஞன் செய்வதை இங்கே காலம் செய்தது, படத்தையும் வாசகத்தையும் பிரித்துவிட்டது. இதைக் கலை என்று சொல்லமாட்டேன். ஆனால் 75 ரூபாய் நாணயத்துக்கு இந்தப் பாக்கியமும் கிடைக்காது. கைமாறாத காசின் மேல் காலம் படிவதில்லை.

அப்படியானால் மறுப்பதுதான் வழியா? அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் மறுத்துப் பார்த்தான். முதல் யுத்த காலத்து ஜெர்மன் பதக்கங்களை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தவன், 1937க்கும் 1940க்கும் இடையில் 'அவமதிப்புப் பதக்கங்கள்' என்று பதினைந்து வெண்கலங்கள் செய்து நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தான். ஆயுத வியாபாரிகளுக்கு, ராஜதந்திரிகளுக்கு, விஷவாயுவுக்கு, குடிமக்கள்மேல் குண்டு போடுவதற்கு, யுத்தத்துக்கு ஒத்துழைக்கும் பாதிரிகளுக்கு என்று. அவனுடைய தைரியத்தை மதிக்கிறேன். அந்தப் பதக்கங்களை மதிக்க முடியவில்லை. உள்ளங்கையகலத்தில் ஒரு யுத்தத்தையே திணித்திருக்கிறான். எலும்பு, பீரங்கி, சிதைந்த உடல், எதுவும் எதையும் மறைப்பதில்லை. எல்லாம் முன்னால் வந்து நின்று கத்துகின்றன. தலைப்பு என்ன சொல்கிறதோ அதையே உலோகமும் சொல்கிறது. லூயியின் அகாதெமியைத் தலைகீழாக நிறுத்தினால் அது அகாதெமியாகவே இருக்கிறது. எதிர்ப்புக் கவிதை எழுதும் நம் நண்பர்கள் இதற்காக என்மேல் கோபப்படுவார்கள். படட்டும். ஸ்மித் பெரிய சிற்பியானது பிற்பாடு, இரும்பைப் பற்றவைத்து, ஒன்றையும் விளக்காமல் நிறுத்தியபோதுதான்.

மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறான். நாடகமாடாத ஆள் அல்ல, அகம்பாவி, பிரபுக்களின் பக்கம் சாய்ந்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் அவனை விட்டால் உதாரணம் இல்லை. அயர்லாந்து சுதந்திர நாடாகி, தனக்கென்று நாணயங்கள் அடித்துக்கொள்ளத் தீர்மானித்தபோது, செனட் உறுப்பினராக இருந்த யேட்ஸை 1926இல் அதற்கான குழுவின் தலைவனாக்கினார்கள். அவை பதக்கங்கள் அல்ல, நாணயங்கள்தான். ஆனால் ஒரு புதிய தேசம் தன் பிறப்பைக் கொண்டாடிக்கொள்ள அடித்தவை. அரசு முதலிலேயே சில நிபந்தனைகள் போட்டது. ஒரு பக்கம் யாழ் இருக்கும். எழுத்து ஐரிஷ் மொழியில் இருக்கும். சமீப காலத்து மனிதர் எவருடைய உருவமும் கூடாது. புதிதாகப் பிறந்த தேசம், அதுவும் அத்தனை தியாகிகளின் ரத்தம் காயாத தேசம், தியாகி ஒருவனையும் காசில் போடுவதில்லை என்று முடிவெடுத்தது சாதாரணம் அல்ல. தலை அரசுக்கு, பூ குழுவுக்கு. குழு அந்தப் பூப்பக்கத்தை மிருகங்களுக்குக் கொடுத்தது. குதிரை, சால்மன் மீன், காளை, வேட்டைநாய், முயல், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி, காட்டு உள்ளான். காசின் பெயரையும் மதிப்பையும் தவிர வாசகம் கிடையாது. பழைய கிரேக்க நாணயங்களின் புகைப்படங்களைக் கலைஞர்களுக்கு அனுப்பினார்கள். எட்டுக் காசுகளும் ஒரே கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். செய்தவர் பெயர் தெரியாமல் மாதிரிகளை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தபோது, வென்றது பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலேயன்.

ஒரு கவிஞன் விழாக் குழுவில் உட்கார்ந்து செய்யக்கூடியது இவ்வளவே என்று நினைக்கிறேன். வாசகம் எழுதுவதல்ல, வாசகம் வேண்டாம் என்பது. யேட்ஸ் நாற்பது வருஷம் தேசத்தைப் பற்றிப் பாடியவன். நோபல் பரிசு வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. காசில் ஒரு வரி போட்டிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். பன்றிக்கு இடம் கொடுத்தான்.

1928 டிசம்பரில் காசுகள் வெளிவந்தபோது சிலுவை இல்லை, புனிதர்கள் இல்லை, இது அஞ்ஞானிகளின் பணம் என்று கூச்சல். செய்தவன் ஆங்கிலேயன், அடித்தது லண்டனில் என்று இன்னொரு கூச்சல், இது நியாயமானதும்கூட. ஆனால் எனக்குப் பிடித்தது காசு வெளிவருவதற்கு முன்பே எழுந்த ஆட்சேபம். விவசாய இலாகாவின் வல்லுநர்கள் மாதிரிகளைப் பார்த்தார்கள். இந்தப் பன்றி சந்தையில் விலை போகாது, இந்தக் காளையின் உடம்பு நல்ல இனத்துக்குரியதல்ல என்றார்கள். மெட்காஃப் திருத்த வேண்டியதாயிற்று. முதலில் இருந்த காளையே மேல் என்று யேட்ஸுக்குக் கடைசிவரை வருத்தம். நமக்குச் சிரிப்பு வருகிறது; எனக்கு அந்த வல்லுநர்கள் மேல் ஒருவகை மரியாதையும் வருகிறது. அவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பன்றியைப் பன்றியாகவே பார்த்துச் சண்டை போட்டார்கள். 75 ரூபாய் நாணயத்தின் கட்டடத்தைப் பற்றி இப்படி ஒரு இன்ஜினியர் சண்டை போட்டிருப்பாரா?

பன்றி என்றதும் 1911 நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு வருஷம், டெல்லி தர்பார் வருஷம். அவ்வருஷத்து ரூபாயில் அரசனின் அங்கியில் நகத்தளவுகூட இல்லாத ஒரு யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. அடித்ததில் பெரும்பகுதி திரும்ப உருக்கப்பட்டு, 1912இல் யானைக்குத் தும்பிக்கையைத் திருத்திப் புதிய ரூபாய் வந்தது. சாம்ராஜ்யம் தன் தலைப்பக்கத்தை அத்தனை ஜாக்கிரதையாகச் செய்தும், யாரோ ஒருவன் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்து அங்கே தன்னுடைய அர்த்தத்தைக் கண்டுவிட்டான். கோணலான வாசிப்புதான். ஆனாலும் வாசிப்பு.

1972இன் ஜோடியை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். தேய்ந்திருக்கிறது. பெண்ணின் முகம் அநேகமாகப் போய்விட்டது, கொடி வழுவழுப்பாகிவிட்டது. கட்டடத்தின் தூண்கள் மட்டும் நகத்தில் இடறுகின்றன. வெளியான நாளில் இருந்ததைவிட இப்போது அது மேலான பதக்கமாக எனக்குத் தோன்றுவது என் பலவீனமாக இருக்கலாம்.

அயர்லாந்தின் மிருகங்களுக்கு என்ன ஆயிற்று? 1971இல் தசமக் கணக்கு வந்தபோது பன்றியும் கோழியும் முயலும் போயின. காளையும் சால்மனும் தங்கின. குதிரை 1986இல் இருபது பென்ஸில் திரும்ப வந்தது. 2002இல் யூரோ வந்தது. யூரோவின் பின்புறம் எல்லா நாடுகளுக்கும் பொது. அங்கே ஐரோப்பாவின் வரைபடமும் எண்ணும் இருக்கின்றன. தேசத்துக்கென்று விடப்பட்ட மற்றப் பக்கத்தில் அயர்லாந்து யாழை மட்டும் வைத்துக்கொண்டது.